எழுத வந்தவருக்கு வாசிக்கிற சுகம் போய்விடுமா?

கேள்வி இதுதான்: "சில ஆண்டுகளாகச் சிறுகதை எழுதுகிறேன். ஒன்றிரண்டு அச்சிலும் வந்துவிட்டன. ஆனால் முன்பு மாதிரி ஒரு நாவலை எடுத்தால் ஊண் உறக்கம் மறந்து படிக்க முடியவில்லை. இந்தக் காட்சியை ஏன் இங்கே வெட்டினார், இந்தப் பாத்திரம் எதற்கு, நானாக இருந்தால் எப்படி எழுதுவேன் என்றே மனம் போகிறது. எழுத வந்தால் வாசிக்கிற சுகத்தை விட்டுவிடத்தான் வேண்டுமா?"

வேண்டாம். ஆனால் எதுவுமே மாறாது என்று ஆறுதல் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஒரு வகைச் சுகம் போகத்தான் போகும். இன்னொரு வகை வரும், அதற்குக் காலம் பிடிக்கும். நீங்கள் இப்போது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறீர்கள். எழுதுகிறவர்கள் பலரும் இதைக் கடந்துதான் வருகிறார்கள், வெளியே சொல்லிக்கொள்வதில்லை. கதை கட்டும் வித்தை தெரிந்துவிட்டதால்தான் இந்தத் தொந்தரவு என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேசையில் பாதியில் கிடக்கிறதே உங்கள் கதை, அதுதான் நீங்கள் படிக்கிற ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் புகுந்துகொள்கிறது. இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன்.

உங்கள் கவலையை மார்க் ட்வைன் அளவுக்குக் கூர்மையாகச் சொன்னவர் குறைவு. அவர் எழுத்தாளர் ஆவதற்கு முன் மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகு ஓட்டியவர், 1859இல் அதற்கான உரிமம் வாங்கியவர். அந்த நாட்களைப் பற்றி 1883இல் வந்த நூலில், ஆற்றைக் கற்றுக்கொண்ட பிறகு ஆற்றின் அழகு தன்னிடமிருந்து போய்விட்டது என்று எழுதுகிறார். அந்திச் சிவப்பைப் பார்த்தால் நாளைக்குக் காற்றடிக்கும் என்று தோன்றுகிறது. மிதந்து வரும் கட்டையைப் பார்த்தால் ஆறு ஏறுகிறது என்று தெரிகிறது. நீரின் மேல் சாய்வாக ஓடும் அழகான கோடு, அடியில் படகைக் கிழிக்கக் காத்திருக்கும் திட்டைக் காட்டுகிறது. ஒரு தொழிலைக் கற்றவன் பெற்றது அதிகமா இழந்தது அதிகமா என்று கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் முடிக்கிறார்.

ஆற்றைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரியாக இருக்கலாம். கதைக்கு அது பொருந்தாது. ஆற்றை யாரும் நம் கண்ணுக்காகச் செய்து வைக்கவில்லை. கதை அப்படியில்லை, ஒரு மனிதர் உட்கார்ந்து, அடித்துத் திருத்தி, உங்களுக்காகச் செய்தது. அதன் அடியில் நீங்கள் காண்பது அவருடைய முடிவுகள்: இதைச் சொல்லலாம், இதை விடலாம், இதை இன்னும் நாலு பக்கம் தள்ளி வைக்கலாம். அந்த முடிவுகள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தால், கதை உங்களிடமிருந்து விலகிப் போவதில்லை. எழுதியவர் இன்னும் பக்கத்தில் வந்து உட்காருகிறார். இதைச் சுகமாக உணர எனக்கு நீண்ட காலம் ஆயிற்று. இப்போது இதற்காகத்தான் முக்கியமாகப் படிக்கிறேன்.

முதலில், போவது எது என்று பார்ப்போம். 'அடுத்து என்ன?' என்ற தவிப்பு குறைகிறது. பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்த தொடர். அத்தியாயங்கள் பலவும் ஏன் ஒரு கேள்வியிலோ, இருட்டில் கேட்கும் காலடியிலோ முடிகின்றன என்பது, ஒரு வாரம் வாசகரைக் காக்கவைக்க வேண்டியிருந்தது என்று தெரிந்ததும் விளங்கிவிடுகிறது. சிறுவயதில் படித்தபோது கடம்பூர் மாளிகையின் நள்ளிரவுக் கூட்டத்தில் எனக்கு இருந்தது பயம் மட்டும்தான். இப்போது அதே இடத்தில் வேறொன்று தெரிகிறது. சோழ நாட்டின் உட்பகையை ஒரு வரலாற்றுப் பாடமாகச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் புத்தகத்தை மூடியிருப்பார்கள். கல்கி அதற்குப் பதிலாக, அந்த நாட்டுக்குப் புதியவனான ஓர் ஓலை கொண்டுபோகும் இளைஞனை விருந்தாளியாகக் கொண்டுபோய்ப் படுக்கவைத்து, தூக்கம் கலைந்து ஒட்டுக்கேட்க வைக்கிறார். அவனுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. அவன் தெரிந்துகொள்ளும்போது நாமும் தெரிந்துகொள்கிறோம். அந்தப் பழைய பயம் எனக்குத் திரும்ப வரவில்லை, வரும் என்றும் நம்பவில்லை. ஆனால் இத்தனை பாத்திரங்களை ஒரே இரவில், ஒரே கூரையின் கீழ், குழப்பமில்லாமல் அறிமுகப்படுத்திய அந்தக் கையைப் பார்க்கும்போது வருகிற மகிழ்ச்சி சிறியதில்லை.

இன்னொரு இழப்பும் உண்டு, அதுதான் எனக்கு வலித்தது. சுமாரான புத்தகங்கள் கையைவிட்டுப் போகும். பஸ்ஸில், ரயிலில், மத்தியானத் தூக்கத்துக்கு முன் படித்துத் தள்ளிய மாத நாவல்கள், பத்திரிகைத் தொடர்கள் எல்லாம் ஒரு கட்டத்துக்கு மேல் ஓடாது. "அவள் கண்களில் ஒரு சோகம் இழையோடியது" என்ற வாக்கியத்தை நீங்களே எழுதி, நீங்களே அடித்திருப்பீர்கள். வேறொருவர் அதை அடிக்காமல் விட்டிருப்பதைக் கண்டதும் நின்றுவிடுவீர்கள். அந்தப் புத்தகங்கள் மோசமானவை என்று சொல்ல வரவில்லை. நம்மை வாசகராக வளர்த்தவை பெரும்பாலும் அவைதான். அவற்றிடம் மறுபடி போக முடியாமல் ஆவது உண்மையான நஷ்டம்.

சரி, நடுக்காலத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் ஒரு வார்த்தை முக்கியம்: "நானாக இருந்தால்." தொந்தரவு முழுவதும் அதில்தான் இருக்கிறது. ஒரு கதையின் கட்டுமானத்தைக் கவனிப்பது வேறு, அந்தக் கதையை நம் கதையோடு பக்கத்தில் வைத்து எடைபோடுவது வேறு. முதலாவது கவனம், இரண்டாவது பதற்றம். எழுதத் தொடங்கிய முதல் ஆண்டுகளில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். நன்றாக இருந்தால் 'என்னால் இது முடியாதே' என்கிறது மனம், நன்றாக இல்லாவிட்டால் 'இதையெல்லாம் போடுகிறார்களே' என்கிறது. இரண்டிலும் புத்தகம் காணாமல் போய்விடுகிறது, நாம் மட்டும் மிஞ்சுகிறோம்.

இது சின்ன எழுத்தாளர்களின் வியாதி என்று எண்ண வேண்டாம். ஆங்கில நாவலாசிரியர் வர்ஜீனியா உல்ஃபும் அவர் கணவரும் தங்கள் சொந்தப் பதிப்பகத்தின் வழியே, 1918இல், சக எழுத்தாளர் காதரின் மான்ஸ்ஃபீல்டின் நெடுங்கதை ஒன்றைத் தாங்களே எழுத்துக் கோத்து வெளியிட்டார்கள். 1923 ஜனவரியில் மான்ஸ்ஃபீல்ட் இறந்தார். அந்த மாதம் உல்ஃப் தன் நாட்குறிப்பில், தான் பொறாமைப்பட்ட ஒரே எழுத்து அவருடையதுதான் என்று எழுதிவைத்தார். அதற்கு முந்தைய ஆண்டு பிரெஞ்சு நாவலாசிரியர் ப்ரூஸ்டைப் படித்துக்கொண்டிருந்தபோது, இவரைப் போல எழுத முடிந்தால் என்று நண்பருக்கு ஏங்கி எழுதியிருக்கிறார். ப்ரூஸ்ட் அவருக்குள் எழுதும் ஆசையைக் கிளறிவிட, அதனாலேயே தன் சொந்த வாக்கியத்தை அமைக்க முடியாமல் தடுமாறுவதாகவும் சொல்கிறார். பொறாமையும் ஏக்கமும் அவர் வாசிப்பைக் கெடுத்துவிடவில்லை. அவரைப் போலக் கவனமாக, ஆசையோடு மற்றவர்களைப் படித்து அதைப் பற்றி எழுதியவர்கள் ஆங்கிலத்தில் சிலரே. ஆகவே பொறாமை வந்தால் பயப்பட வேண்டாம். அந்த வரி உங்களைத் தொட்டிருக்கிறது என்பதற்கு அது நல்ல சாட்சி.

நம் தமிழ்ச் சூழலில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. எழுத ஆரம்பித்ததும் எழுதுகிறவர்களைத் தெரிய ஆரம்பிக்கிறது. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனால் கடைக்குக் கடை தெரிந்த முகம். நேற்று நம்மோடு டீ குடித்தவரின் நாவலை இன்று படிக்கும்போது, அவர் குரலும் அவர் சொன்ன வம்பும் பக்கங்களுக்கு நடுவில் வந்து நிற்கும். இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, தெரிந்தவர் புத்தகத்தை வெளிவந்த சூட்டில் படிக்காமல் ஓராண்டு தள்ளிப்போடுவது.

இனி, வருவது எது என்று சொல்கிறேன். இதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம்.

வண்ணநிலவனின் 'எஸ்தர்' கதையை நீங்கள் படித்திருப்பீர்கள். பஞ்சத்தில் ஊரை விட்டுக் கிளம்பும் ஒரு குடும்பம். நடக்க முடியாத பாட்டி ஒருத்தி. வேலைக்காரன் ஈசாக்கு. வீட்டையே தாங்கி நடத்துகிற எஸ்தர் சித்தி. முதல்முறை படித்தபோது எனக்குக் காற்றும் வெக்கையும் காலியான தெருக்களும்தான் நின்றன. பாட்டி இறந்துபோகிறாள், குடும்பம் கிளம்புகிறது, அவ்வளவுதான். கடைசி வரியில், பாட்டியின் ஈரமான கண்கள் கூரையைப் பார்த்து நிலைத்தது எஸ்தர் சித்திக்கு மட்டும் அடிக்கடி நினைவுக்கு வந்தது என்று படித்ததும் ஏதோ சுருக்கென்றது. என்ன என்று பிடிபடவில்லை.

எழுதத் தொடங்கிய பிறகு அதே கதையை எடுத்து, அந்தச் சுருக்கென்றதற்கான விதை எங்கே போடப்பட்டது என்று தேடினேன். அந்த இரவில் என்ன நடந்தது என்று சொல்லும் வாக்கியம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆனால் கதையின் முதல் வாக்கியமே, பாட்டியையும் ஈசாக்கையும் விட்டுவிட்டுப் போவது என்று முடிவாகிவிட்டதைச் சொல்கிறது. அதாவது தீர்ப்பு எழுதப்பட்ட பிறகுதான் கதை தொடங்குகிறது. அடுத்த வரியில், பிழைக்கப் போகிற இடத்தில் பாட்டி எதற்கு என்ற கேள்வி, பாத்திர பண்டங்களைப் பற்றிப் பேசுகிற அதே தொனியில் வருகிறது. யார் கேட்டார்கள் என்று இல்லை. அந்த வீடே கேட்பது போல இருக்கிறது. அப்புறம் எஸ்தர் எத்தனை அன்பானவள், அவள் சொல்லுக்கு அந்த வீடு எப்படி அடங்குகிறது என்று சின்னச் சின்னதாக வருகிறது. கடைசியில் நாம் அவளைச் சந்தேகப்படுகிறோம், ஆனால் வெறுக்க முடிவதில்லை. இதைக் கண்டுபிடித்த பிறகு அந்தக் கதை எனக்கு முன்னைவிடப் பயங்கரமாகிவிட்டது. வித்தை தெரிந்ததால் மந்திரம் கலைந்திருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறு.

அசோகமித்திரன் 'புலிக் கலைஞன்' கதையில் செய்வதும் அப்படிப்பட்டதுதான். அவர் ஜெமினி ஸ்டூடியோவில் 1952 முதல் 1966 வரை வேலை பார்த்தவர். கதை ஒரு சினிமா ஸ்டூடியோ அலுவலகத்தின் டிபன் இடைவேளையைப் பற்றிய சாதாரண விவரத்தோடு ஆரம்பிக்கிறது. வேலை இல்லாத நாட்கள், நேரம் போகாத ஆட்கள். அங்கே வாய்ப்புக் கேட்டு ஒரு நலிந்த மனிதர் வருகிறார், புலி முகமூடியைப் போடுகிறார், அந்த அறையிலேயே புலியாகிவிடுகிறார். முதல் வாசிப்பில் அந்தப் புலி ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது, ஆரம்பப் பக்கங்கள் வெறும் முன்னுரை மாதிரிப் பட்டன. பின்னால்தான் தெரிந்தது, புலியைத் தாங்கி நிற்பதே அந்தப் பக்கங்கள்தான் என்று. காட்டில் பாயும் புலியை யாரும் எழுதலாம். மேசையும் நாற்காலியும் சோம்பலும் நிறைந்த ஓர் ஆபீசில் அது பாய வேண்டுமென்றால், முதலில் அந்த ஆபீசை நாம் முழுக்க நம்பியிருக்க வேண்டும். அந்த நம்பிக்கையை அலட்சியமாகப் பேசுவது போலவே அவர் கட்டிவிடுகிறார். பின்னர் அந்த மனிதருக்குப் போட்ட கடிதம் திரும்பி வந்துவிடுகிறது என்று முடிக்கும்போது குரலை ஒரு சுருதிகூட உயர்த்துவதில்லை. நானும் எழுதுகிறவன் என்பதால், அந்த இடத்தில் குரலை உயர்த்த எவ்வளவு ஆசை வரும் என்று எனக்குத் தெரியும். அதை அடக்கிய கட்டுப்பாட்டை உணரும்போது கண் கலங்குகிறது. எழுதாமல் இருந்திருந்தால் இந்தக் கண்ணீர் எனக்குக் கிடைத்திருக்காது.

கொலம்பிய நாவலாசிரியர் காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் 1981இல் அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே பற்றி எழுதிய ஒரு கட்டுரையில், நாவலாசிரியர்கள் மற்றவர்களுடைய நாவல்களைப் படிப்பதே அவை எப்படி எழுதப்பட்டன என்று கண்டுபிடிக்கத்தான் என்ற கருத்தை ஒப்புக்கொள்கிறார். புத்தகத்தைப் புரட்டிப்போட்டுத் தையலைத் தேடுகிறோம் என்கிறார். ஹெமிங்வேயிடம் திருகாணிகள் சரக்கு ரயில் பெட்டியில் தெரிவது போல வெளியிலேயே தெரிகின்றன, இன்னொரு அமெரிக்கரான ஃபாக்னரைப் பிரித்துப் பார்க்கவோ திரும்பப் பூட்டவோ வழியில்லை என்பது அவர் கணிப்பு. தான் அதிகம் கற்றுக்கொண்டது அந்த இருவரிடமும்தான் என்றும் சொல்கிறார். எனக்கு அதில் பிடித்தது, பிரிக்க முடியாதவர் இன்னும் இருக்கிறார் என்ற அந்தச் செய்தி. நாம் எத்தனை தேர்ந்தாலும் சிலர் பிடி கொடுப்பதில்லை. எனக்குச் சிறுகதை ஆசிரியர் மௌனி அப்படி. கி.ராஜநாராயணனும் அப்படித்தான். திண்ணையில் உட்கார்ந்து சும்மா பேசுகிறவர் போல இருக்கும், எங்கே கதை ஏறியது, எங்கே இறங்கியது என்று கோடு போடப் போனால் அகப்படாது. அவர்களிடம் போகும்போது நீங்கள் மறுபடி பழைய வாசகர் ஆகிவிடுவீர்கள். உங்களுக்கும் அப்படிச் சிலர் இருப்பார்கள். அவர்களைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்றும் கேட்பீர்கள். எனக்குப் பயன்பட்டதைச் சொல்கிறேன்.

ஒரு கதையைக் கடுமையாக எழுதிக்கொண்டிருக்கும் நாட்களில் புனைவே படிக்காதீர்கள், அல்லது நீங்கள் எழுதும் வகைக்குச் சம்பந்தமில்லாததைப் படியுங்கள். பயணநூல், சுயசரிதை, பழைய கடிதங்கள் எதுவானாலும் சரி. குறிப்பாக, தொற்றிக்கொள்ளும் நடை உள்ளவர்களைத் தள்ளி வையுங்கள். லா.ச.ராமாமிர்தத்தை இரவில் படித்துவிட்டுக் காலையில் எழுத உட்கார்ந்தால் அவருடைய தாளம்தான் கையில் வரும். தி.ஜானகிராமனைப் படித்தால் உங்கள் பாத்திரங்கள் எல்லாம் கும்பகோணத்துக்காரர்களாகப் பேசுவார்கள். அவர்களை உங்கள் கதை முடிந்த பிறகு எடுங்கள். முடித்து அனுப்பிய மறுநாள் வாசிப்பு எவ்வளவு லேசாகிறது என்று பாருங்கள். பாதிக் கதை மேசையில் இல்லாதபோது ஒப்பிட ஒன்றுமில்லை, படிக்கிற புத்தகம் மட்டும்தான் இருக்கிறது.

முதல் வாசிப்பில் பென்சில் வேண்டாம். பிடிக்கவில்லையென்றால் பாதியில் விட்டுவிடலாம், அதில் குற்ற உணர்வுக்கு இடமில்லை. பிடித்திருந்தால் சில மாதம் கழித்து மறுபடி எடுத்து, அப்போது கோடு போடுங்கள். கதை தெரிந்துவிட்ட பிறகு கட்டுமானத்தைப் பார்ப்பதால் எதுவும் கெடாது. இரண்டையும் ஒரே வாசிப்பில் செய்யப் பார்ப்பதால்தான் இப்போது இரண்டுமே உங்களுக்குக் கிடைக்காமல் போகிறது.

நிறையப் பிடித்த ஒரு பக்கத்தைக் கையால் நகல் எடுத்துப் பாருங்கள். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையின் முதல் பக்கம் இதற்கு நல்லது. பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கும் இடத்தில் நின்று, டிராமில் போனால் வெற்றிலைக்கு ஆகும், பஸ்ஸில் கண்டக்டரை ஏமாற்றிப் போனால் அரைக் கப் காப்பிக்கு ஆகும் என்று காலணா கணக்குப் போடுகிறார் கந்தசாமிப் பிள்ளை. அதற்குப் பிறகுதான் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்டுக் கடவுள் வருகிறார். கண்ணால் படிக்கும்போது வேடிக்கையாகக் கடந்துவிடும் அந்தக் கணக்கு, கையால் எழுதும்போது எவ்வளவு நிதானமாகப் போடப்பட்டிருக்கிறது என்று புரியும். அத்தனை காசு விவரத்தை நம்பிய நாம், அடுத்து வருகிறவரையும் கேள்வி கேட்காமல் நம்பிவிடுகிறோம்.

இதைவிட ஆழமான வாசிப்பு ஒன்று உண்டென்றால் அது மொழிபெயர்ப்புத்தான். தமிழில் நன்றாக எழுதிய பலர் இதைச் செய்திருக்கிறார்கள். புதுமைப்பித்தன் ஏராளமான பிறநாட்டுக் கதைகளைத் தமிழில் தந்தார். க.நா.சுப்ரமண்யம் தன் நாவல்களுக்கும் விமர்சனங்களுக்கும் நடுவில் ஐரோப்பிய நாவல்களைக் கொண்டுவந்தார். சுந்தர ராமசாமி மலையாளத்திலிருந்து தகழியின் 'செம்மீன்', 'தோட்டியின் மகன்' இரண்டையும் மொழிபெயர்த்தார். பின்னாளில், 1981இல், அவர் எழுதிய 'ஜே.ஜே: சில குறிப்புகள்' நாவலே ஒரு கற்பனை மலையாள எழுத்தாளர்மேல் பித்தாக இருக்கும் ஒரு தமிழ் எழுத்தாளரின் குறிப்புகள்தான். இன்னொருவரை வாசிப்பதன் பரவசத்தையே நாவலாக்க முடியும் என்று அது காட்டியது. அவர் தொடங்கியதும் அங்கேதான். 1951இல் புதுமைப்பித்தனுக்கு ஒரு நினைவு மலர் கொண்டுவந்தார், சுந்தர ராமசாமியின் முதல் கதை அந்த மலரில்தான் வந்தது.

உங்களுக்கு இன்னொரு மொழி ஓரளவு தெரிந்திருந்தால், அந்த மொழியில் நீங்கள் மிகவும் விரும்பும் ஒரு சிறுகதையை எடுத்து, தினம் ஒரு பத்தி என்று தமிழில் எழுதிப் பாருங்கள். "நானாக இருந்தால்" என்று கேட்க அங்கே இடமே இருக்காது. அவர் என்ன செய்தார் என்பதை மட்டும்தான் ஒவ்வொரு வாக்கியத்திலும் தேட வேண்டியிருக்கும், ஒரு கமாவைக்கூடத் தாண்டிப் போக முடியாது. சிறிய கதையாக எடுங்கள், முடிக்க முடியும். அச்சுக்குக் கொடுப்பதாக இருந்தால் மட்டும் உரிமை உள்ளவரிடம் அனுமதி வாங்க வேண்டும். உங்களுக்காகச் செய்வதென்றால் யாரையும் கேட்க வேண்டியதில்லை, இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.